நாளைக்கு ஒங்க மொறை

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய். ஆறு கீமோவில் மூன்று முடிந்திருந்தபோது ஊரடங்கு வந்தது. சென்னைக்கு பஸ் இல்லை, ரயில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்தும், "இப்ப வராதீங்க, ஒங்க பக்கத்துலயே ஏற்பாடு பண்றோம்" என்றார்கள். நாள் தள்ளினால் ஆபத்து என்று சொன்னவர்களும் அவர்கள்தான். ஏற்பாடாவது மண்ணாவது! பாபநாசம் பக்கத்துக் கிராமத்தில் கீமோ யார் போடுவார்?

ஆற்றில் தண்ணீர் திறந்திருந்த நேரம். எங்கள் வாய்க்காலில் முறை வைத்துத்தான் பாய்ச்சுவோம். மேல்வயல்காரர் எங்கள் முறையில் மடையை அடைத்துவிடுவார். பதினோரு வருஷச் சண்டை, போலீஸ் ஸ்டேஷன்வரை போயாகிவிட்டது. அவருடைய மருமகள் உள்ளூர் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் மத்தியானம் அந்தப் பெண் போன் செய்தாள்.

"மாமா, நாளைக்குக் காலைல ஒங்க மொறை."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "எங்க மொறை எப்பன்னு எங்களுக்குத் தெரியும். ஒன் மாமனார மொதல்ல மடையத் தொறக்கச் சொல்லு!" என்று கத்திவிட்டுப் போனை வைத்தேன்.

அரைமணியில் ஸ்கூட்டியில் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"தண்ணி மொறை இல்ல மாமா. அத்தையோட கீமோ. நாலு கட்டில்தான் இருக்கு, அதான் எல்லாருக்கும் மொறை வெச்சிருக்கோம்."

என் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

மறுநாள் போனோம். பிரசவ வார்டுக்குப் பக்கத்து அறை. மருந்து ஐஸ் பெட்டியில் ஆம்புலன்ஸில் வந்திருந்தது. சென்னை டாக்டர் செல்போன் திரையிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அந்தப் பெண் ரத்தப் பரிசோதனையைப் படித்துச் சொன்னாள். பிறகு நரம்பைத் தேடினாள். ஏற்கெனவே குத்திக் குத்திப் புண்ணான கை. ஒரே குத்தில் ஏற்றினாள். அம்மாடி! பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தவள் இரண்டே மாதத்தில் இதைக் கற்றிருக்கிறாள். கீமோ நோயாளிகளுக்குக் கொரோனா ஒட்டிவிடக் கூடாதென்று, கைப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு ஆஸ்பத்திரியிலேயே தங்கியிருந்தாளாம்.

மருந்து இறங்கி முடிய மூன்று மணி நேரம் ஆனது. "பசிக்குது" என்றாள் என் மனைவி. வெளியே ஒரு கடைகூடத் திறந்திருக்கவில்லை. அந்தப் பெண் தன் மாமியார் கொடுத்தனுப்பியிருந்த எலுமிச்சம்பழச் சாதத்தை எடுத்து நீட்டினாள். சண்டை வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் நாங்கள் கை நனைத்ததில்லை. என் மனைவி யோசிக்கவே இல்லை, வாங்கிச் சாப்பிட்டாள். பாதியை என் பக்கம் தள்ளினாள்.

நான் தயங்கினேன்.

"சாப்புடுங்க" என்றாள். "இன்னும் ரெண்டு மொறை இந்தப் பொண்ணு கையாலதான். நான் பொழைக்க வேணாமா?"

சாப்பிட்டேன்.