யானை வயிற்றில் ஐந்து விரல்

எங்கள் பட்டறையில் வேம்புலி அண்ணனுக்குப் பயப்படாத ஆள் கிடையாது, முதலாளி உட்பட. அம்பத்தூர் எஸ்டேட்டில் அக்ரிலிக் ஷீல்டு, நகைக்கடை ஷோகேஸ் பொம்மை, போட்டோ ஸ்டாண்டு எல்லாம் செய்கிற சின்னப் பட்டறை அது. பாலிஷ் போட்டுத் துடைத்துக் கொடுப்பது அவர். துடைத்ததை அட்டைப்பெட்டியில் வைப்பது நான். அவ்வளவுதான் என் வேலை, அதிலும் தினம் ஒரு சண்டை.

“யோவ் ஜெகன், பஜ்ஜி துன்ன கையோட எடுக்கறியே, அறிவு கீதா?”

“ஒரு ரேகைதான அண்ணாத்தே, இன்னா இப்போ?”

“மேடைல லைட்டு போட்டா தெரியும் இன்னான்னு. போ, சோப்பு போட்டு கழுவிகினு வா.”

வந்த புதிதில் அவரைக் கண்டாலே எனக்கு ஆகாது. இத்தனைக்கும் பிளாஸ்டிக் பொருள், தங்கமா வைரமா என்று முணுமுணுப்பேன். ஆனால் அவர் துடைப்பதை நின்று பார்க்கலாம். காய்ந்த துணியால் தொடவே மாட்டார், தூசியோடு தேய்த்தால் கீறல் விழும். முதலில் சோப்புத் தண்ணீரில் அலசுவார். சானிடைசரைப் பக்கத்திலேயே விட மாட்டார், பொடிப்பொடியாக வெடிப்பு ஓடிவிடுமாம். ஈரம் ஒற்றி எடுத்ததும் வாயருகே கொண்டுபோய் ‘ஹா’ என்று மூச்சு விடுவார். ஆவி படியும். யார் யார் கை பட்டதோ அத்தனையும் அந்த ஆவியில் எழும்பி வரும். அது மறைவதற்குள் பழைய பனியன் துணியால் ஒரே இழுப்பு. ஹா, இழுப்பு. ஹா, இழுப்பு. வாய் எங்களைத் திட்டிக்கொண்டிருக்கும், கை தன்பாட்டுக்குத் துடைத்துக்கொண்டே போகும்.

அவர் அப்பா நூம்பலில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழுதவர். நிலம் பிளாட்டானதும் மகன் எஸ்டேட்டுக்கு வந்தார். கல்யாணமாகி வெகுகாலம் குழந்தை இல்லை. இனிமேல் இல்லை என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டிய பிறகு பிறந்தவள் ரோஷினி. அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் மனிதரின் குரல் இறங்கும்.

ஒரு நகைக்கடைக்காகச் செய்த யானைகளில் ஒன்றுக்குத் தும்பிக்கை நுனி உடைந்துபோனது. அதைத் தேய்த்து மழுக்கி, பாலிஷ் போட்டு, மகளுக்குக் கொண்டுபோனார். கைக்கு அடக்கமான, தண்ணீர் மாதிரி தெளிந்த யானை. அவள் அதைச் சாப்பிடும்போதும் விடவில்லை, தூங்கும்போதும் விடவில்லை. இவர் தினமும் வீட்டுக்குப் போனதும் அவளைத் திட்டிவிட்டு யானையைத் துடைப்பார். துடைத்து முடித்ததும் அவள் சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துத் தூக்குவாள். எங்களை ஆட்டிவைத்தவரை அந்த வாண்டு ஆட்டிவைத்தது. இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. அன்று சாயங்காலம்கூட வடையும் கையுமாக யானையை வைத்து விளையாடியிருக்கிறாள். ஒரு வாரத்தில் போய்விட்டாள். நாலாம் வகுப்புப் பிள்ளை. கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவரிடம் நான் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதை விடுங்கள்.

காரியம் முடிந்ததும் உறவுக்காரர்கள் வீட்டைக் கழுவினார்கள். பாயைத் தூக்கிப் போட்டார்கள், துணிமணியை யாருக்கோ கொடுத்தார்கள். அலமாரி மேல் இருந்த யானையை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் அண்ணனின் மனைவி சரசா அக்கா அதைக் கையில் எடுத்து முகத்தருகே வைத்து அழுதிருக்கிறார். மூச்சு பட்டு ஆவி படிந்திருக்கிறது. வயிற்றில் ஒரு பக்கம் நாலு குட்டி விரல், மறுபக்கம் கட்டைவிரல். எழும்பின, மறைந்தன.

அன்றிலிருந்து காலையில் விளக்கேற்றியதும் அக்கா யானையைக் காதையும் காலையும் மட்டும் பிடித்து எடுப்பார். ஒரு ‘ஹா’. விரல்கள் வரும். இருவரும் பார்ப்பார்கள். போனதும் வைத்துவிடுவார்கள். அதன் பிறகுதான் அண்ணன் வேலைக்குக் கிளம்புவார்.

ஆனால் அக்ரிலிக் தூசியை இழுக்கும். மேனாம்பேட்டில் அவர்கள் தெருவைத் தோண்டிப் போட்டிருந்த நேரம் வேறு. துடைத்தால் விரல் போய்விடும், துடைக்காவிட்டால் தூசியில் மூழ்கிவிடும். அண்ணன் யானைக்கு மூடி போட்டு ஒரு பெட்டி செய்ய ஆரம்பித்தார். எந்தப் பெரிய ஆர்டருக்கும் அவர் அப்படி உழைத்து நான் பார்த்ததில்லை. சேர்த்த இடம் கண்ணுக்கே தெரியவில்லை.

கால்கள் குழியில் சரியாக உட்காருகின்றனவா என்று பார்க்க யானையைச் செருப்புப் பெட்டியில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்தார்.

“அளவு எடுத்துகினு வந்தா போதாதா அண்ணாத்தே?”

“நாலு காலும் அசையாம உக்காரணும் நைனா. சாஞ்சி ஒரசிச்சின்னா எம் பொண்ணு வெரலு போய்டும்.”

யானை கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் முகம் தெளிந்ததை வெகுநாள் கழித்து அன்றுதான் பார்த்தேன்.

“நீ பாத்ததில்லையே ஜெகன். வா, காட்றேன்.”

காதைப் பிடித்து எடுத்து ‘ஹா’ என்றார். பார்த்தேன். நாலு விரல், மல்லி மொட்டு அளவில். சுண்டுவிரல் கொஞ்சம் விலகியிருந்தது.

“பாத்தியா? சின்ன வெரல பாரேன், எப்டி தனியா நிக்கிது...”

சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய வலது கை பனியன் துணியோடு வந்து வயிற்றைச் சுற்றி ஒரே இழுப்பு இழுத்தது.

எனக்குக் கத்தக்கூட நேரமில்லை. அவர் யானையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். மறுபடி ‘ஹா’. வெறும் வெள்ளை. திருப்பி ‘ஹா’. மூச்சு வாங்கும்வரை ஊதிக்கொண்டே இருந்தார். நான்தான் யானையைப் பிடுங்கி வைத்தேன்.

“சரசாகிட்ட இன்னா சொல்வேன் ஜெகன்?”

என் வண்டியிலேயே அழைத்துப்போனேன். பின்னால் மடியில் பெட்டிகளை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு கை மட்டும் இறுக்கி மூடியே இருந்தது.

வீட்டில் அவர் எதையும் மறைக்கவில்லை. “தொட்ச்சிட்டேன் சரசா. நாந்தான். கை தானா போய்டிச்சி.”

அக்கா கூப்பாடு போடுவார் என்று பயந்தேன். போடவில்லை. யானையை எடுத்தார். இத்தனை மாதம் காதையும் காலையும் பிடித்தவர் இப்போது உள்ளங்கையால் வயிற்றைப் பிடித்து எடுத்தார். ஒருமுறை ஊதினார். பார்த்தார். கீழே வைத்துவிட்டு அண்ணன் பக்கம் திரும்பினார்.

“இன்னாத்தால தொட்ச்ச?”

அண்ணன் மூடிய கையைத் திறந்தார். பட்டறையிலிருந்து அந்தத் துணியை விடாமல் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார், வியர்வையில் நனைந்திருந்தது.

“அழாதய்யா. எங்கயும் போவல. இதுலதான கீது.”

அக்கா துணியை வாங்கி, உதறாமல் நாலாக மடித்தார். புதுப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

இப்போது நான் பஜ்ஜிக் கையோடு எடுத்தாலும் அண்ணன் திட்டுவதில்லை. திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருக்கிறது. போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அலமாரி மேல் பெட்டி இருக்கிறது, உள்ளே மடித்த பனியன் துணி. யானை வெளியே தூசி பிடித்து நிற்கிறது, அதை யாரும் துடைப்பதில்லை.