ரிஜிஸ்டரில் நான் எடுத்த லீவு

மன நிம்மதிக்காக லீவு எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால், போன வருடம் வரை எனக்குச் சிரிப்புதான் வரும். திருப்பூரில் லீவு என்றால் சாவு, கல்யாணம், காது குத்து, காய்ச்சல். தன்னைப் பற்றி யோசிக்க ஒருவன் லீவு எடுப்பானா? தின்ற கொழுப்பு என்பேன். அப்படிப் பேசிய என் வாயை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது.

நான் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். பெயர்தான் பெரிது. என் வேலை, லீவு கொடுக்காமல் இருப்பது. பிறகு கொடுத்ததாக எழுதுவது. எங்களிடம் இரண்டு ரிஜிஸ்டர் இருந்தன. ஒன்று, யார் உண்மையில் என்றைக்கு வேலைக்கு வந்தார்கள் என்பதற்கு. இன்னொன்று, எங்கள் துணியை வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பி வைக்கும் ஆடிட்டருக்குக் காட்டுவதற்கு. இந்த இரண்டாவது ரிஜிஸ்டரில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பார்கள். எல்லோரும் லீவு எடுப்பார்கள். ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்புவதுதான் என் திறமை.

அதில் எனக்குக் கர்வம் வேறு, கருமம். இருபது பேருக்குக் காய்ச்சல் என்று எழுதினால் ஆடிட்டருக்குச் சந்தேகம் வரும். அதனால் கலந்து எழுதுவேன். ஒருத்திக்குக் குலதெய்வப் பூஜை, ஒருவனுக்கு மச்சான் கல்யாணம், ஒடிசாக்காரப் பையன்களுக்கு ரயில் லேட். அவ்வப்போது ஒரு சாவு. சாவைப் பற்றி யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை என்பது நான் அனுபவத்தில் கண்டது.

எங்கள் தையல் லைனில் தேனிப் பக்கத்துக்காரப் பெண் ஒருத்தி டெய்லராக இருந்தாள். அவளுடைய அம்மா ஊரில் வழுக்கி விழுந்து கால் முறிந்து கிடந்தாள். போய்ப் பார்க்க மூன்று நாள் லீவு கேட்டு என் மேசை முன் நான்கு தடவை நின்றாள். நான்கு தடவையும் “ஷிப்மென்ட் போகட்டும்மா” என்று அனுப்பினேன். அந்த வாரம்தான் ஆடிட்டுக்காக ரிஜிஸ்டரை முடித்துக்கொண்டிருந்தேன். அவள் வரிசை வந்தது. காரணம் எதுவும் தோன்றவில்லை. அம்மா, அம்மா என்று அவள் நின்றது மட்டும் மனதில் இருந்தது. போன மாதத் தேதி ஒன்றைப் போட்டு, மூன்று நாள், ‘தாயார் மரணம்’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். நடுவில் டீ கூடக் குடித்தேன்.

ஆடிட்டுக்கு முந்தைய நாள் எல்லோரையும் கூட்டிப் பாடம் நடத்துவதும் நான்தான். “எது கேட்டாலும் ஆமாங்கன்னு சொல்லுங்க, போதும்.” மறுநாள் ஆடிட்டரிடம் அப்படியே சொன்னார்கள். அவளும் சொன்னாள். சொல்லிவிட்டு நேராக என் மேசைக்கு வந்தாள்.

“சார், அந்த ஆடிட்டரம்மா என் கையப் புடிச்சுக்கிட்டு, அம்மா தவறிட்டாங்களாமே, லீவு ஒழுங்காக் குடுத்தாங்களான்னு கேட்டாங்க. நீங்க சொல்லிக் குடுத்தபடியே ஆமாங்கன்னுட்டேன். எங்காத்தாவ என் வாயாலயே சாகடிக்க வச்சுட்டீங்களே. நீங்கள்லாம் சோத்தத்தேன் திங்கிறீங்களா?”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். “மெதுவாப் பேசும்மா, அந்த மேடம் இன்னும் கெளம்பல” என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். ஆடிட்டில் பாஸ் ஆகிவிட்டோம். மேனேஜர் லட்டு கொடுத்தார். வாயில் போட்டேன். பாத்ரூமுக்குப் போய்த் துப்பினேன். கண்ணாடியில் தெரிந்த மூஞ்சியிலேயே துப்பியிருக்கலாம்.

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் நான்கு நாள் லீவு கேட்டேன்.

“எதுக்குங் தம்பி? ஊட்ல யாருக்காச்சும் முடியலீங்களா?”

“இல்லீங்க. சும்மா இருக்கணுங்க. கொஞ்சம் யோசிக்கணும்.”

“சும்மா இருக்கறதுக்கு லீவா?” என்று சிரித்தவர், அந்த ஆடிட் ரிஜிஸ்டரையே எடுத்து என் பக்கம் திருப்பினார். “உங்களுக்குத்தான் எல்லா லீவும் முடிஞ்சு போச்சுங்களே! பழனிக்குப் போயிட்டு வந்திருக்கறீங்க. உங்க தம்பி நிச்சயத்துக்குப் போயிருக்கறீங்க. புள்ளையோட ஆண்டு விழாவும் பாத்தாச்சு. நல்லா ஜம்முனு சுத்திட்டு இன்னும் என்ன தம்பி?”

மற்றவர்களைப் போல என் வரிசையையும் நானேதான் நிரப்பியிருந்தேன். எல்லாம் என் கையெழுத்து. பன்னிரண்டு நாள். சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

லீவு என்றதும் மனது தெளிந்து ஞானம் பிறக்கும் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் நாள் அவிநாசியில் என் வீட்டில் பகல் முழுக்கத் தூங்கினேன். எழுந்ததும் நெஞ்செரிச்சல். பக்கத்து நிட்டிங் மெஷின் சத்தம் சுவரைத் தாண்டி வந்துகொண்டே இருந்தது. போனை எடுப்பேன், வைப்பேன். மனைவி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க, கம்பெனியில வேண்டாம்னுட்டாங்களா?” என்று கேட்டாள். ஒன்றுமில்லை, நல்லாத்தான் இருக்கிறேன் என்றேன். ஆடிட்டரிடம் சொல்லும்படி நான் சொல்லிக் கொடுக்கும் பதில் மாதிரிதான் அதுவும்.

இரண்டாம் நாள் மாலை மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தாள். நான் பகலில் வீட்டில் இருப்பது அவளுக்கு அதிசயம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளைக் குஷிப்படுத்த, “ஆண்டு விழாவுல மயிலா ஆடினியே கண்ணு, அத ஒருக்கா ஆடிக் காட்டு” என்றேன்.

“நான் மயில் இல்லப்பா. மயிலு எதுத்த ஊட்டுப் புள்ள. நான் மழை.”

“இல்ல கண்ணு, அப்பா முன்னால உக்காந்து பாத்தனே.”

பிள்ளை அம்மாவைப் பார்த்தது. அடுப்படியில் இருந்த மனைவி திரும்பாமலே சொன்னாள். “நீங்க வரவே இல்லீங்க. நான் வீடியோ அனுப்பிச்சேன். அதையும் முழுசாப் பாக்கல.”

சத்தியமாக எனக்கு நான் போனதாகத்தான் ஞாபகம். நாற்காலி, மேடை விளக்கு, கைதட்டல், எல்லாமே ஞாபகம் இருந்தது. பிறகுதான் மெல்ல உறைத்தது. அந்த வீடியோ வந்தபோது நான் கம்பெனியில் என் வரிசையை நிரப்பிக்கொண்டிருந்தேன். முதல் அரை நிமிடம் பார்த்தேன், அதில் மயில் வந்தது. மூடிவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் ‘மகள் பள்ளி ஆண்டு விழா’ என்று எழுதினேன். எழுதியதை நானே நம்பிவிட்டேன். சீ! ஊரை ஏமாற்றுபவனுக்காவது தான் ஏமாற்றுவது தெரியும். எனக்கு அதுவும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் முழுக்க நான் அந்தப் பன்னிரண்டு நாளையும் தேடினேன். அந்தத் தேதிகளில் உண்மையில் என்ன செய்தேன்? ஒரு நாள் கூட நினைவில்லை. ரிஜிஸ்டரில் இருப்பவன் நல்ல மனிதன். சாமி கும்பிடுகிறான், தம்பிக்கு நிச்சயம் பேசப் போகிறான், பிள்ளையின் டான்ஸைப் பார்க்கிறான். என் வாழ்க்கையை எல்லாம் அந்தத் திருட்டுப் பயல் வாழ்ந்துவிட்டான், நான் அவனுக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்திருக்கிறேன். அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது. லீவு எடுக்காமல் இருந்திருந்தால் இந்த அருவருப்பும் வந்திருக்காது, அடுத்த ஆடிட்டுக்கு இன்னும் சுத்தமாக எழுதியிருப்பேன். லீவால் எனக்குக் கிடைத்த லாபம் அவ்வளவுதான். அது சின்ன லாபம் இல்லை.

ஐந்தாம் நாள் காலை மேனேஜரிடம் போய், இனி அந்த இரண்டாவது ரிஜிஸ்டரை நான் எழுத மாட்டேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எரிச்சல். “செரிங் தம்பி, வேற ஆளு பாத்துக்கறோம். திங்கக்கெழமையிலிருந்து நீங்க ஸ்டோருக்குப் போயிருங்க” என்றார். நான் பெரிய வீரன் போல நிமிர்ந்து லைனுக்குள் போனேன்.

அங்கே அவள் மெஷினில் உட்கார்ந்திருந்தாள்.

“ஊருக்குப் போகலையாம்மா?” என்றேன்.

தைப்பதை நிறுத்தாமலே சொன்னாள். “லீவு ஸ்லிப்புல கையெழுத்துப் போடுற ஆளு நீங்க ஒருத்தர்தேன். நீங்களே லீவுல போயிட்டா நான் யாருகிட்டப் போயி நிக்க?”

நான்கு நாள் நான் காலை நீட்டிக்கொண்டு என் மனசாட்சியைத் தேடியிருக்கிறேன். அந்த நான்கு நாளும் அவள் இங்கே காலர் தைத்திருக்கிறாள். அங்கே கால் முறிந்த கிழவி வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். தூ, நானும் என் யோசனையும்.

ஓடிப்போய் ஸ்லிப் கட்டை எடுத்து வந்தேன். அயர்ன் டேபிளின் மேல் வைத்து அவள் பெயரை எழுதினேன், ஒரு வாரம் என்று போட்டேன். அடுத்தது காரணம். பேனாவை அந்தக் கட்டத்துக்குக் கொண்டுபோனேன்.

“வேணாம் சார்” என்று என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினாள். “அத மட்டும் நீங்க தொடாதீங்க.”

குனிந்து, பெரிய பெரிய எழுத்தில், ஒவ்வொன்றாக அழுத்தி எழுதினாள். முடித்ததும் ஸ்லிப்பை என் பக்கம் தள்ளினாள்.

‘ஆத்தா உசுரோட இருக்கு. பாக்கப் போறேன்.’