துலாவில் ஏறிய கணக்கு

கொக்குவிலிலிருந்து வந்த கடிதத்தை மகள் பூமணி வாசித்தபோது நான் புகையிலைத் தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டு நின்றேன். சின்னத்தம்பி வாத்தியார் காலமாகிவிட்டாராம். காலடியில் ஓடிய தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஓடுவதுபோலக் கேட்டது.

புத்தூர்ப் பள்ளிக்கூடத்தில் அவரிடம் படித்தவர்களுக்கு அவருடைய பிரம்பு ஞாபகம் வரும். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். எனக்கு ஞாபகம் வருவது, கிணற்று ஏற்றமான துலாவைப் பற்றி அவர் கொடுத்த ஒரு கணக்குத்தான்.

‘ஒருவன் துலாவில் இறைத்து ஒரு தோட்டத்தை நாலு மணித்தியாலத்தில் நனைப்பான். நாலு பேர் இறைத்தால் எவ்வளவு நேரம்?’ அப்போது பூமணிக்குப் பத்து வயது. ‘ஒருவனால் ஏலாது. மேலே துலா மிதிக்க ஒருவர், கீழே தண்ணீர் அள்ளும் பட்டை பிடிக்க ஒருவர் வேணும். நாலு பேர் இறைத்தால் கிணறு வற்றிப்போகும்’ என்று எழுதினாள். கிடைத்தது முட்டை. இனிப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று புத்தகங்களை மூலையில் போட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டாமல் வாசிக்கிற முதல் ஆள் அவள்.

நேரே வகுப்புக்குப் போனேன். “வாத்தியார், தனிய இறைக்கிற அந்த ஆள் எங்கை? காட்டுங்கோ, நான் வேலைக்கு வைச்சுக்கொள்ளுறன்.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. “முருகேசு, தோட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ளை கொண்டுவராதையும்.”

“கொண்டுவந்தது நீங்களல்லோ!”

மறுநாள் விடிய, வாத்தியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கள் கிணற்றடியில் வந்து நின்றார். “எனக்கு உது தெரியாது. காட்டும்.”

துலா மரத்தில் நடந்து மிதிக்க அவரை ஏற்றிவிட்டு, நான் பட்டையைப் பிடித்தேன். பனிப்புகாருக்குள் அந்த வெள்ளை வேட்டி மட்டும் மேலே போய்க் கீழே வந்தது, காலில்லாத கொக்குப்போல.

“முருகேசு, கீழை பாக்கலாமோ?”

“பாருங்கோ. ஆனால் விழுறதெண்டால் கிணத்துக்குள்ளை விழுங்கோ, புகையிலைக் கண்டுக்கு மேலை விழுந்திடாதேங்கோ.”

தண்ணீர் அடிக்குப் போனதும் நிறுத்தினோம். ஊறவேண்டும். வாத்தியார் கிணற்றுக்கட்டில் குந்தி, ஊற்று மெல்ல மெல்லக் கசிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “எத்தினை வருசமாய் இந்தக் கணக்கைக் குடுத்தன்! எத்தினை பிள்ளையளுக்கு இது தெரிஞ்சிருக்கும். எனக்குப் பயந்து ஒரு மணித்தியாலம் எண்டு எழுதியிருக்குங்கள்.”

அப்படியே ஈர வேட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். “பிள்ளை, என்ரை கணக்குப் பிழை. வந்து கரும்பலகையிலை திருத்திவிடு.” பூமணி என்னைப் பார்த்தாள். அன்றைக்கு எனக்குப் பகிடியாய்ச் சொல்லிச் சிரிக்க ஒன்றும் வரவில்லை. அவள் போய்ப் புத்தகங்களை எடுத்தாள்.

அதற்குப் பிறகு, “ஏன் உப்பிடி எழுதினனீ?” என்று கேளாமல் அவர் ஒரு பிள்ளைக்கும் பிழை போட்டதில்லை என்று பூமணி சொல்லுவாள்.

யாராவது பிழையாகக் கதைத்தால் போதும், எனக்கு நக்கல் நாக்கு நுனிக்கு வந்துவிடும். இப்போது அதை விழுங்கிவிட்டு, “ஏன் உப்பிடிச் சொல்லுறீர்?” என்று கேட்கிறேன். மறுமொழி வந்த பிறகு பாதி நேரம் சிரிக்க ஒன்றுமே மிஞ்சுவதில்லை. வாத்தியாரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒரு கேள்விதான்.