துவைக்கிற கல்

என் மகன் வீட்டுத் துணி துவைக்கிற மெஷின் கடைசிச் சுற்று சுற்றி நிற்கும்போது ஒரு பூ வாசனை வரும். என்ன பூ என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. மருமகள் ஏதோ பேர் சொன்னாள், வாயில் நுழையவில்லை. எனக்குச் சோப்பு வாசனை என்றால் கத்தியால் வெட்டித் தருகிற மஞ்சள் பார் சோப்புதான். அதோடு பாசியும் ஈரக் கல்லும் சேர்ந்தால்தான் வாசனை முழுசாகும்.

நான் அஞ்சாம் வகுப்பு படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்க வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை பாருங்கள், அந்தத் தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில், வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீட்டில் பிறந்தேன். லயம் முழுசுக்கும் ஒரே பைப்பு, பைப்படியில் ஒரே கல். ஆள் நீளம் இருக்கும். துணி அடித்து அடித்து நடுவில் குழி விழுந்திருந்தது. மழை விட்டதும் அந்தக் குழியில் தண்ணீர் நிற்கும், குருவி வந்து குளிக்கும்.

அது ஒரு சமாதிக் கல். தேயிலை பாக்டரியில் இஞ்சின் பார்க்க வந்து காய்ச்சலில் செத்துப்போன வெள்ளைக்காரருடையது. இஞ்சின் துரை என்பார்கள். சீமையிலிருந்த அவர் பெண்சாதி சொல்லியனுப்பி வைத்த கல்லாம். ஒரு மழைக்காலத்தில் புதைத்த மேடே சரிந்து வந்தபோது கல் மட்டும் உடையாமல் வந்தது. ஆண்கள் அதை உருட்டி வந்து, எழுத்துப் பக்கத்தைக் கீழே கவிழ்த்துப் போட்டார்கள். எழுத்தின் மேல் கால் பட்டால் சரஸ்வதிக்குக் கோபம் வருமாம். ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாத ஜனம்தான் எழுத்துக்கு அப்படிப் பயப்படும்.

இஞ்சின் துரைதான் என் அம்மாவைப் பெற்றவர். பாக்டரியில் தூள் சலித்த ஒரு பெண் வயிற்றில் அம்மாவைக் கொடுத்தார். அந்தப் பெண்ணை ஒரு கிழட்டு ரெண்டாந்தாரக்காரனுக்குக் கங்காணி கட்டி வைத்தான், விஷயம் முடிந்தது. அப்பன் தன்னை ஒரே ஒரு தடவை தொட்டதாக அம்மா சொல்வாள். நடைபாதையில் நின்றவளைக் கைத்தடியால் ஓரம் தள்ளினாராம்.

பைப்படியில் மற்ற பெண்கள் சும்மா இருப்பார்களா?

"ஏ பேச்சியம்மா, ஒங்க அப்பன் முதுகுல நல்லாச் சோப்புப் போடுடி!"

"மெதுவா அடிடி, துரைக்கு வலிக்கும்லா!"

சண்டை முற்றினால் அம்மா நிமிர்ந்து நின்று, "நான் சீமை ராஜா வூட்டு ரத்தம்டி!" என்பாள். அவளிடம் இருந்த நகை அது ஒன்றுதான். கூட்டம் கலைந்த பிறகு என் கையில் ஈரப் போர்வையைக் கொடுப்பாள். "அடி. இன்னும் ஓங்கி அடி." துணி வெளுத்த பிறகும் அடிக்கச் சொல்வாள். எனக்குக் கை ஓய்ந்துவிடும்.

போன மாசம் ஒரு வெள்ளைக்காரி வந்தாள். இஞ்சின் துரை சீமையில் விட்டுவந்த மகளுடைய பேத்தி. குமுளியில் ஜீப் ஓட்டுகிற என் மகன்தான் கூட்டி வந்தான். போனில் எல்லாம் வைத்திருந்தாள். துரை மாதா கோயிலில் கல்யாணம் செய்துகொண்ட ரிஜிஸ்தர் பக்கம், கப்பல் ஏறினவர்கள் பெயர்கள், கிளை கிளையாகப் பிரிகிற குடும்பப் படம். துரையின் அப்பா கரி மூட்டை சுமந்து வீடு வீடாகப் போட்டவராம். அவள் பெருமையாகச் சொன்னாள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அம்மா போய்ச் சேர்ந்தது நல்லதாயிற்று.

லயத்துக்குப் போய்க் கடப்பாறை போட்டுக் கல்லைப் புரட்டினார்கள். மண்ணைத் துடைத்தால் எழுத்து நேற்று வெட்டினது போல இருந்தது. வெள்ளைக்காரி குனிந்து கல்லுக்கு முத்தம் கொடுத்தாள். நாங்கள் அதில் துவைத்த தீட்டுத் துணிகளை நினைத்துக்கொண்டேன்.

"என்னடா எழுதியிருக்கு?"

"அன்பான புருசன், ஒரே மகளுக்குத் தகப்பன்னு போட்டிருக்கும்மா."

ஒரே மகள். அம்மா ஆயுசு முழுக்க அதன் மேல்தான் நின்று அடித்தாள்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்ததோ. "சொல்லுடா. அவருக்கு இங்க இன்னொரு மகளும் உண்டு, பேரு பேச்சியம்மான்னு சொல்லு. அந்தப் படத்துல ஒரு மூலையில எழுதிக்கிடச் சொல்லு."

அவன் இங்கிலீஷில் என்னவோ சொன்னான். அவள் கண் கலங்க என் இரண்டு கையையும் பிடித்து "தேங்க் யூ" என்றாள். அவளுக்கும் அம்மாவின் பூனைக்கண். எனக்கும் அதே கண்தான். ஆனால் புரை ஆபரேஷன் செய்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தேன். கழற்றியிருக்கலாம். கூச்சம்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "என்னடா சொன்ன அவகிட்ட?"

"இத்தன வருசமா நீதான் கல்ல பத்திரமாப் பாத்துக்கிட்டேன்னு சொன்னேன்."

"ஏன்டா?"

"பிள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கேன்லா? அந்தக் கதையை இப்ப எதுக்கு கெளப்புத? லயத்து ஆளுக பூராவும் செத்தாச்சு. தெரிஞ்சது இனி நீ ஒருத்திதாம்மா." ஆறுதல் சொல்கிற குரலில்தான் சொன்னான். பிறகு சாப்பிடக் கூப்பிட்டான்.

லயத்தில் இப்போது கூரை இல்லை, பைப்பில் தண்ணீர் இல்லை. கல்லை டவுன் மாதா கோயில் வளாகத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தி, எழுத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது இறங்கிப் பார்த்தேன். யாரும் இல்லாத நேரம் பார்த்துப் பின்பக்கத்தைத் தடவப் போனேன். கை நுழையவில்லை. கல் சாயக்கூடாது என்று சுவரோடு சேர்த்துச் சிமெண்டு பூசிவிட்டார்கள். அம்மா அடித்து விழுந்த குழி அந்தப் பக்கம் இருக்கிறது. இனி மழை பெய்தாலும் அதில் தண்ணீர் நிற்காது.