மின்விசிறிக்குக் கீழே ஒரு வீடு

மலேசியாவில், கிள்ளானுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தின் ஓரத்தில், பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக எங்கள் வரிசை வீடுகள் இருந்தன. நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, மழையே காணாத ஒரு மாதத்தில், லாலான் புல்லில் பற்றிய தீ செம்பனைகளைத் தாண்டி வந்து அந்த வரிசையை ஒரு பிற்பகலுக்குள் தின்று முடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. மிஞ்சியவை நாங்களும், வாசலில் கழற்றிப் போட்டிருந்ததால் ஓடும்போது மாட்டிக்கொள்ள முடிந்த செருப்புகளும்தாம்.

எங்களைப் பொதுமண்டபத்தில் தங்கவைத்தார்கள். பாய்களைக் கொடுத்து, விரும்பிய இடத்தில் விரித்துக்கொள்ளலாம் என்றார்கள். பெரியவர்கள் கலந்து பேசியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் மாலைக்குள், வீடுகள் நின்ற அதே வரிசையில் பாய்கள் விரிந்து கிடந்தன. லோரி ஓட்டும் மாமாவுடையது கடைசி வீடு. எனவே கழிப்பறை ஓரத்தை அவர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டார். ஒரு பாயிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவர்கள், இல்லாத வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வரலாமா என்று கேட்ட பிறகே உள்ளே கால் வைத்தார்கள்.

எங்கள் பாயை அடுத்த பாயில் மட்டும் ஆளில்லை. அது அத்தையின் வீடு. உறவென்று பார்த்தால் அவர் எங்களுக்கு யாருமில்லை. இரு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர் இருந்ததால் அத்தையானவர். தனி ஆள், கையுறைத் தொழிற்சாலையில் வேலை. தேநீர் ஆனதும் அம்மா கரண்டிக் காம்பால் அந்தச் சுவரை இருமுறை தட்டுவார். பதிலுக்கு அந்தப் பக்கம் தட்டினால் கோப்பை போகும்.

தீயன்று புகையை விழுங்கிய அத்தை மருத்துவமனையில் இருந்தார். அங்கிருந்து நேராக, உடன் வேலை செய்யும் தோழியோடு ஸ்ரீ கெம்பாங்கானுக்குப் போய்விடப்போவதாக, பார்க்கச் சென்ற அப்பாவிடம் சொல்லியிருந்தார். "எனக்குன்னு அங்க இனி என்ன இருக்கு, அண்ணே?"

என் வருத்தம் வேறு. மண்டபத்தில் ஒழுங்காகச் சுற்றிய ஒரே மின்விசிறி அத்தையின் பாய்க்கு நேர் மேலே இருந்தது. வரமாட்டேன் என்றவருக்காக அத்தனை காற்றும் வெறும் பாய்மேல் வீணாவதை என்னால் பொறுக்க முடியவில்லை. அம்மாவோ தினமும் அந்த இடத்தைப் பெருக்கினார். தேநீர் வேளையில் அந்தப் பக்கமாகத் தரையைத் தட்டினார். பதில் வராது. சற்றுப் பொறுத்திருந்து, எங்களுக்கு ஊற்றுவார்.

ஒரு நாள் உதவிப் பொருள் கொண்டுவந்த இளைஞர் ஒருவர் பெட்டிகளை அங்கே அடுக்கப்போனார்.

"இடம் சும்மாதானே கெடக்கு, அக்கா."

"சும்மா இல்ல தம்பி," என்றார் அம்மா. "வீட்டு ஆளு வெளிய போயிருக்காங்க."

கடைசிப் பாயிலிருந்து லோரி மாமா குரல் கொடுத்தார்: "செருப்போட உள்ள வந்துட்டியே, பாஸ். கழட்டிட்டு வந்து கேளு லா."

இளைஞர் குனிந்து வெறும் தரையைப் பார்த்தார். பிறகு பின்வாங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பெட்டிகளை மேடைப் பக்கம் தூக்கிப் போனார்.

அத்தை ஒரு மாலை வந்தார். விடைபெற்றுப் போகத்தான் வந்திருந்தார். தோழியின் கார் வெளியே காத்திருந்தது. வரிசையாக இருந்த பாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், எங்களுடையதை அடுத்திருந்த வெறும் பாயின் முன்னால் நின்றுவிட்டார். இரு என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா தலை நிமிராமலே கரண்டிக் காம்பால் தரையை இருமுறை தட்டினார்.

வெளியே ஹார்ன் ஒலித்தது. அத்தை செருப்பைக் கழற்றினார். யாரிடமும் கேட்காமல் உள்ளே போய் உட்கார்ந்து, விரல் முட்டியால் தரையை இருமுறை தட்டினார். லோரி மாமா எழுந்து, காரிலிருந்து அவருடைய பையை எடுத்துவரப் போனார்.

கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவரை வாய்விட்டுக் கூப்பிட்டால் என்ன என்று அம்மாவிடம் கேட்டேன். அவர் கோப்பையை என் கையில் கொடுத்தார்.

"அத்த வீட்டுல குடுத்துட்டு வா. கேட்டுட்டு உள்ள போ."

செருப்பை மாட்டி, ஓரடி நடந்து, மறுபடி கழற்றினேன். "வரலாமா, அத்த?"

அவர் தூசியில்லாமல் பெருக்கிக் கிடந்த அந்தப் பாயை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தார். மேலிருந்து வந்த காற்று எவ்வளவு சுகமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறெதையும் நினைக்காமல், நான் கோப்பையோடு அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.