என் கை பட்டு உள்ளே போன ஊசி

உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம், சகோதரிகளே. என் மகளின் நெஞ்சுக்குள் எட்டு நாள் ஒரு ஊசி இருந்தது. அது அங்கே போனதற்குக் காரணம் நான். இதை மறைத்துவிட்டு அல்லாஹ் எனக்குச் செய்த உதவியை மட்டும் சொன்னால் நான் பொய் சொன்னவள் ஆகிவிடுவேன். அதனால் முதலில் இதையே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ஜரீனா. மரக்காணத்தில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். நான் இங்கே உப்பு பாக்கெட் போடும் ஷெட்டில் வேலை பார்க்கிறேன். மழைக்கு முன்னால் உப்பளத்தில் வாரிய உப்பு மலை மலையாக வந்து குவியும். அந்த மாதங்களில் ஷெட் வேன் ஏழரைக்கு வந்து நிற்கும், ஒரு நிமிஷம் தாமதித்தாலும் போய்விடும். எனக்கோ வாய் நீளம், வாய்க்கு முன்னால் அடிக்கக் கை ஓங்கிவிடும். என் ஒரே மகள் ஷமீமா அப்போதுதான் பதினொன்றாம் வகுப்புக்குப் போயிருந்தாள்.

போன வருடம் பள்ளிக்கூடம் திறந்து இரண்டாவது வாரம், திங்கட்கிழமை. ஷெட் வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார், இவளைக் கிளப்பிவிட்டுத்தான் நான் ஏற வேண்டும். இவள் கண்ணாடி முன்னால் நின்று தலையில் போடும் மக்கனாவை மடித்து மடித்துப் பார்க்கிறாள். நம் வீட்டுப் பெண்கள் எப்படிக் குத்துவோம், உங்களுக்குத் தெரியாதா? ஒரு கையில் துணி, ஒரு கையில் மடிப்பு, ஊசி உதட்டுக்கு நடுவில். அவளும் அப்படித்தான் வைத்திருந்தாள். முத்து வைத்த சின்ன ஊசி.

"இன்னாடி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா வர்றாங்க? வேன் போயிடப் போவுது!" என்று கத்திக்கொண்டே வந்து முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

அவள் மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. பிறகு கண்ணில் தண்ணீர் வர இருமினாள். அடித்ததற்கு அழுகிறாள், நடிக்கிறாள் என்று நினைத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப்போய் வேனில் ஏறிவிட்டேன்.

அன்று முதல் இருமல். வறட்டு இருமல். உப்புக் காற்று, தூசி, ஐஸ் வாட்டர் குடித்திருப்பாள் என்று ஆயிரம் காரணம் நானே கண்டுபிடித்தேன். பக்கத்து கிளினிக்கில் ஏதாவது விழுங்கினாயா என்று கேட்டதற்குக்கூட அவள் இல்லை என்று தலையாட்டினாள். சிரப் வாங்கி வந்து கொடுத்தேன். வெள்ளிக்கிழமை காலை பாத்திரம் கழுவும் இடத்தில் துப்பினாள். சிவப்பாக இருந்தது. யா அல்லாஹ், ரத்தம்.

புதுச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். வலது பக்க நுரையீரலுக்குப் போகும் குழாயில் ஒரு ஊசி நேராக நிற்கிறது. தலைப்பக்கம் கீழே, கூர் மேலே.

"எப்படிம்மா உள்ள போச்சு?" என்று அவர் ஷமீமாவைக் கேட்டார்.

"வாயில வச்சிருந்தேன் டாக்டர். சிரிச்சிட்டேன்."

அன்று காலை எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பேசுகிற இந்த வாய் அங்கே மட்டும் பூட்டிக்கொண்டது.

மயக்கம் கொடுத்து, வாய் வழியாக விளக்கு வைத்த குழாயை மூச்சுக்குழாய்க்குள் விடுவார்களாம். அதன் வழியாகவே ஒரு இடுக்கியை விட்டு ஊசியைப் பிடித்து இழுப்பார்களாம். வெட்டத் தேவையில்லை என்றார்கள். சனிக்கிழமை காலை உள்ளே கொண்டுபோனார்கள். நான் வெளியே தஸ்பீஹ் ஓதிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா வந்தார். கையில் ஒன்றும் இல்லை.

"கூர் முனை மூச்சுக்குழாய் சுவத்துல குத்தி நிக்குதும்மா. புடிச்சா நழுவுது, ரத்தம் வருது, வீக்கமும் இருக்கு. வீக்கம் வத்த மருந்து குடுத்துட்டு திங்கட்கிழமை இன்னொரு தடவை பாக்குறோம். அப்பவும் வரலன்னா நெஞ்சைத் திறந்துதான் எடுக்கணும்."

பதினாறு வயசுப் பெண். நெஞ்சைத் திறக்கணும். நான் தலையை ஆட்டினேன், கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்காரர் போனில் அழுதார். லீவு கிடைக்கவில்லை. "அவ எப்பவும் ஜாக்கிரதையா இருப்பாளே, எப்படி ஆச்சு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சிரித்துவிட்டாளாம் என்று அவரிடமும் சொன்னேன். என் தப்பை நான் பிள்ளையின் தலையில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு மூலையில் துப்பட்டாவை விரித்து லுஹர் தொழுதேன். தொழுது முடித்துக் கையேந்தினேன். துஆ வரவில்லை. என்ன கேட்பது? இந்தக் கைதானே? உப்பில் வெடித்துப்போன இதே கைதானே அவள் முதுகில் விழுந்தது? அடியானுக்கு இழைத்த குற்றத்தை அந்த அடியான் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்று பெண்கள் பயானில் மார்க்கப் பேச்சு பேசும்போது எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் என் மாமியார் எனக்குச் செய்ததையும் நாத்தனார் எனக்குச் செய்ததையும் கணக்குப் பார்த்தேனே தவிர, என் வயிற்றில் பிறந்தவளும் அல்லாஹ்வின் அடியார்தான் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பெற்றவள் பிள்ளையிடம் மாஃப் கேட்கிற வழக்கம் நம்மில் எங்கே இருக்கிறது?

ஏந்திய கையை இறக்கிவிட்டு வார்டுக்குப் போனேன். அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

"ஷமீ, நான் அடிச்சதாலதான்டி உள்ள போச்சு. எனக்குத் தெரியும்டி."

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

"என்னை மாஃப் பண்ணுடி."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கண்ணீர் மட்டும் தலையணையில் இறங்கியது. சுவரைப் பார்த்தே பேசினாள். "சொன்னா மறுபடி அடிப்பன்னுதான் சொல்லல. வலிச்சுதும்மா. மூச்சு இழுக்க இழுக்க குத்துச்சு."

ஐந்து நாள். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, குத்தக் குத்த, எனக்குப் பயந்து பேசாமல் இருந்திருக்கிறாள். நான் அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

"அப்புறம் டாக்டர்கிட்ட ஏன்டி சிரிச்சேன்னு சொன்ன?"

"அத்தாவுக்குத் தெரிஞ்சா உன்னைத் திட்டுவாரு. அவரு அங்க தனியா கெடக்குறாரு, சண்டை வேணாம்னு." பிறகு என் கையைப் பிடித்தாள். "மாஃப் பண்ணிட்டேம்மா. ஆனா இனிமே அடிக்காத."

திரும்பிப் போய் ஸஜ்தாவில் விழுந்தேன். "யா அல்லாஹ், அவள் மன்னித்துவிட்டாள், நீயும் மன்னித்துவிடு. டாக்டர் கை நழுவாமல் பார்த்துக்கொள்" என்று இவ்வளவுதான் கேட்டேன். வேறு வார்த்தை வரவில்லை.

திங்கட்கிழமை மறுபடியும் உள்ளே கொண்டுபோனார்கள். இந்தத் தடவை இருபது நிமிஷம்தான். டாக்டரம்மா ஒரு சின்ன டப்பாவைக் காட்டினார். உள்ளே ஊசி. "சனிக்கிழமை இருந்த வீக்கம் இல்ல. முனை தானா விட்டுக் குடுத்துச்சு, புடிச்சு விளக்கு வச்ச குழாய்க்குள்ள இழுத்துட்டோம். நானே இவ்ளோ சுலபமா வரும்னு நினைக்கல" என்றார். மருந்தும் வேலை செய்தது, டாக்டரம்மாவின் கையும் வேலை செய்தது. அந்த மருந்துக்கும் கைக்கும் உத்தரவு கொடுத்தவன் யார் என்று எனக்குத் தெரியும். அல்ஹம்துலில்லாஹ்.

அன்றே வீட்டுக்காரருக்கு போன் போட்டு முழு உண்மையையும் சொன்னேன். "அவ மாஃப் பண்ணிட்டாளா?" என்று கேட்டார். பண்ணிட்டா என்றேன். "அப்ப நான் இன்னா சொல்றது, ஜரீனா" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவள் மேல் நான் கை வைத்ததில்லை. வாயும் பாதி அடங்கிவிட்டது, மீதிப் பாதியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது மக்கனாவுக்கு ஊசியே கிடையாது, காந்த பட்டன்தான். நீங்களும் தயவுசெய்து ஊசியை வாயில் வைக்காதீர்கள். ஒருவேளை உள்ளே போய்விட்டால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பிள்ளை உங்களிடம் பயப்படாமல் சொல்கிற மாதிரி இருங்கள்.

இதோடு நிறுத்தினால் நன்றாக இருக்கும். ஆனால் போன மாதம் ஒன்று நடந்தது. ஷமீமா கீழே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே பரணில் இருந்த டப்பாவை எடுக்க நான் கையைத் தூக்கினேன். அவள் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டாள்.

பிறகு அவளே சிரித்தாள். "சும்மாம்மா" என்றாள். நான் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

ஊசிக்காக நான் கேட்ட துஆவை அல்லாஹ் ஒரே நாளில் கபூல் செய்தான். இந்தப் பயத்துக்காக ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதையும் அவன் எடுப்பான், எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இது மெதுவாகத்தான் போகும் போலிருக்கிறது. சகோதரிகளே, யாரை அடித்தீர்களோ, யாரை அழவைத்தீர்களோ, அவர்களிடம் இன்றைக்கே போய் மாஃப் கேளுங்கள். பெற்ற பிள்ளையாக இருந்தாலும் கேளுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். அதற்குப் பிறகு கையேந்திப் பாருங்கள். அப்படி ஏந்தும்போது எனக்காகவும் ஒரு துஆ கேளுங்கள். என் கை உயர்ந்தால் என் மகள் கண்ணை மூடாத ஒரு நாளை நான் பார்க்க வேண்டும்.