டீசலின் வயிற்றில் ஒரு சத்தம்

மின்சார ரயில் திருவொற்றியூரை விட்டுக் கிளம்பும்போது அம்மா செல்போனில் அழைத்தாள். "தனம் பூட்ச்சும்மா. காலைல மீன் ஏலத்துல நின்னுகினு இருந்துச்சாம். அப்டியே சாஞ்சிடுச்சாம்." அடுத்த நிலையத்தில் இறங்கி எதிர் வண்டிக்காக நின்றேன். கை தானாக என் காதைத் தொட்டது.

எங்கள் தெருத் தனம் அக்கா மீன் விற்ற அழகை, அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் வளர்த்த டீசலைச் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். காசிமேட்டில் படகுகளுக்கு டீசல் நிரப்பும் இடத்தில் கிடைத்த நாய்க்குட்டி. அதனால் அந்தப் பெயர். ஒரு மழைக்காலத்தில் அது தின்றதையெல்லாம் கக்கத் தொடங்கியது. வயிறு பானைபோல் உப்பியது. துறைமுகத்து நாய்க்கு வயிறு கெட்டால் தூண்டில் முள்தான் காரணம் என்பது எங்கள் பக்கத்து முடிவு. அக்கா நேராகத் தூண்டில்காரர் ஏழுமலையின் வாசலில் போய் நின்றார்.

"யோவ், உன் முள்ளு என் புள்ள வயித்துல கீதுய்யா! கண்ட எடத்துல போடுறியே, நீயெல்லாம் ஒரு மன்சனா?"

"மீன் தலையா போட்டு வளத்தது நீ. பேஜாரு மட்டும் எனக்கா?"

கால்நடை மருத்துவர் வயிற்றைத் திறந்து பார்த்தார். முள் இல்லை, எந்த அடைப்புமே இல்லை. குடலில் ஒரு துண்டை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அறிக்கையை நான்தான் அக்காவுக்குப் படித்துச் சொன்னேன். குடலை அசைக்கும் தசையும் நரம்பும் அழற்சியில் கெட்டுப்போயிருந்தன. வழி திறந்தே இருக்கிறது, உணவைத் தள்ளத்தான் குடலுக்குத் தெம்பில்லை என்றேன். மறுநாள் அக்கா ஏலத்தில் எடுத்த நல்ல கொடுவா மீன் ஒன்றை, தெருவே பார்க்க, ஏழுமலையின் வாசலில் வைத்தார். "தலையோட துன்னு. நான் சொன்னது தப்பு."

மாத்திரை வேலை செய்து குடல் நகர்ந்தால், வயிற்றில் காது வைக்கும்போது சத்தம் கேட்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஏலக் கூச்சலில் நின்று நின்று அக்காவின் காது மந்தம். "உன்து பொஸ்தகம் படிக்கிற காது. நீ வச்சுக் கேளு." தினமும் வேலைக்குப் போகுமுன் கேட்பேன். கடமுட என்றால் அன்று டீசலை நிமிர்த்திப் பிடித்துக் கரண்டி கரண்டியாகக் கஞ்சி ஊட்டுவார். மூன்று நாள் தொடர்ந்து சத்தம் இல்லையென்றால் ஊசி போட்டு வலியில்லாமல் அனுப்பிவிடுவதாக மருத்துவரிடம் ஒப்புக்கொண்டிருந்தார்.

அந்த மூன்றாம் நாளும் வந்தது. எனக்கு என் நாடி மட்டும் கேட்டது.

"வருதுக்கா."

"இன்னா மாரி வருது?"

"தண்ணி ஓடுற மாதிரி."

"செரி."

அன்று அவர் கஞ்சி காய்ச்சவில்லை, ஏலத்துக்கும் போகவில்லை. டீசலை மடியில் வைத்துக்கொண்டு மாலைவரை கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் என்னைக் கேட்காமலே அதை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து என் தலையைத் தடவினார். "நேத்தே தெரியும்டி, உன் மூஞ்சி சொல்லிச்சு. ஒரு நாள் குடுத்தியே, அது போதும்."

அவர் எனக்கு விட்டுப்போனது இந்தக் காதும் அந்த ஒரு நாளும். நேற்று அவரைக் கிடத்தியிருந்த அறையில், யாரும் பார்க்காத நேரத்தில், குனிந்து அவர் நெஞ்சில் காதை வைத்தேன். வெகுநேரம் வைத்திருந்தேன். "இன்னா மாரி வருது?" என்று கேட்கத்தான் ஆளில்லை.